நாறியது முட்டைக்கோஸ்



பதிவு நீளம். டீச்சர் ரிடையர் ஆனாலும் பீரியட் முடிய மாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் சமையல் குறிப்பும் இருக்கிறது, வாடகை வீட்டு விவகாரமும் இருக்கிறது. மாட்டுக்கறி பற்றியது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடாதவர்கள் இத்தோடு தாண்டிப் போனால் எனக்கு வருத்தமில்லை. படித்தால் நல்லது, பாதி விஷயம் உங்களைப் பற்றியும்தான்.

என்னிடம் ப்ளஸ் டூ படித்து, பிறகு நர்சிங் முடித்து, இப்போது அயர்லாந்தில் கார்க் நகரத்தில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகு. லோ, ஹை, வார்ம். அவ்வளவுதான். விசில் கிடையாது. "காலையில போட்டு விடுங்க டீச்சர், சாயங்காலம் எடுங்க" என்றாள். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு மாதிரி. அந்த பிளக்கைச் சாக்காக வைத்து அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஏழு நிமிடத்தில் பருப்பு வேகும் வீட்டில் எட்டு மணி நேரச் சட்டி எதற்கு என்று நினைத்தேன்.

போன மார்ச்சில் அவள் ஒரு படம் அனுப்பினாள். தட்டில் துண்டு துண்டாக வெட்டிய இறைச்சி, பெரிய பெரிய முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. கார்ன்ட் பீஃப் அண்டு கேபேஜ். மார்ச் 17 புனித பேட்ரிக் நாளுக்கு அமெரிக்காவில் இருக்கும் ஐரிஷ்காரர்கள் சமைப்பதாம். "ஆனா டீச்சர், இங்க அயர்லாந்துல பாதிப் பேரு பன்றிக்கறிதான் போடுறாங்க. மாட்டுக்கறி அமெரிக்காவுக்குப் போனப்புறம் வந்த பழக்கமாம்" என்று எழுதியிருந்தாள். அறிவியல் டீச்சராக இருந்தாலும் எனக்கு வரலாறு பிடிக்கும். உட்கார்ந்து படித்தேன்.

கார்ன் என்றால் சோளம் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே அதற்கு 'மணி' என்று பொருள், உப்பு மணி. கல்லுப்பில் ஊறவைத்த இறைச்சி என்பதுதான் அந்தப் பெயர். 1660-களில் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டு அயர்லாந்திலிருந்து உயிர் மாடு வருவதைத் தடுத்தது. மாட்டை விற்க முடியாதவர்கள் அதை வெட்டி உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்தார்கள். என் மாணவி வேலை பார்க்கிற அதே கார்க் துறைமுகத்திலிருந்து அது கப்பல் கப்பலாகக் கடற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் போனது. மாடு வளர்த்தவன், வெட்டியவன், உப்புப் போட்டவன் எல்லாரும் ஐரிஷ்காரன். அவன் வீட்டில் மட்டும் உருளைக்கிழங்கு. 1845-ல் உருளைக்கிழங்கிலும் நோய் விழுந்து பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். நியூயார்க்கில் இறங்கிக் கூலி வேலைக்குச் சேர்ந்து, கையில் கொஞ்சம் காசு புரண்டபோது, பக்கத்துத் தெரு யூதர் கடையில் உப்பிட்ட நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது. காய்கறியில் மலிவு முட்டைக்கோஸ். இரண்டும் ஒரே சட்டிக்குள் போயின. ஊரில் தன் கையால் உப்புப் போட்டும் வாயில் வைக்க முடியாததை, ஊரை விட்டுப் போய்க் கூலிக்காரனாகத்தான் அவன் சாப்பிட முடிந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஐந்தரைக்கு நின்று கம்பெனி பஸ்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

என் ஆயா உப்புக்கண்டம் போடுவாள். சித்திரை வெயிலில் கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் கொல்லையில் கட்டுவாள். காக்காய்க்குக் கறுப்புத் துணி. காவலுக்கு நான், கையில் குச்சியோடு. காய்ந்ததும் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். ஐப்பசி மழையில் வேலை இல்லாத நாட்களில் அதில் நாலு துண்டு கத்தரிக்காயோடு சேரும், அல்லது முருங்கைக்காயோடு. நாங்கள் அதைக் 'கண்டம்' என்போம், வெளியே போகும்போது எதுவும் சொல்ல மாட்டோம். எங்கள் தெரு எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இங்கே பரங்கிமலையிலும் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளிலும் ஆங்கிலோ-இந்தியர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் சால்ட் பீஃப் போடுவார்கள். முள்கரண்டியால் குத்திக் குத்தி, உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் வெடியுப்பு போட்டு நாள்கணக்கில் ஊறவைத்து வேகவைப்பது. கார்ன்ட் பீஃபுக்குத் தம்பி முறை. ஆக, படத்தைப் பார்த்ததும் எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. பரணிலிருந்து சட்டி இறங்கியது.

முதல் தடவை செய்த தப்பைச் சொல்கிறேன். நெஞ்சுக்கறி ஒன்றரைக் கிலோ, கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு, இவற்றோடு முட்டைக்கோஸையும் காலை ஏழு மணிக்கே உள்ளே தள்ளி மூடிவிட்டேன். பத்து மணிக்கு வீட்டில் ஒரு வாடை. பன்னிரண்டுக்கு மாடிப்படி வரை. இரண்டு மணிக்கு புரோக்கர் போன் செய்தார்: "டீச்சரம்மா, மேல் போர்ஷன் சார் ரொம்ப வருத்தப்படுறாரு. கறி நாத்தம் தாங்கலையாம். நீங்களே போர்டு போட்டுட்டு..."

அங்கேயே நிறுத்தினார், மரியாதை தெரிந்தவர்.

போர்டு கதைக்கு வருகிறேன். அதற்கு முன் வேதியியல். நாறியது கறி இல்லை, முட்டைக்கோஸ். முட்டைக்கோஸில் கந்தகம் அடங்கிய சேர்மங்கள் உண்டு. நேரம் கூடக் கூட அவை உடைந்து ஹைட்ரஜன் சல்பைடு முதலான வாயுக்கள் வெளியே வரும். லேபில் கிப் கருவியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்களே, அழுகிய முட்டை வாடை, அதே சரக்கு. எட்டு மணி நேரம் வேகவைத்தால் எந்தச் சுத்த சைவ வீட்டிலும் அந்த வாடை வரும். மேல் போர்ஷன்காரர் வாரம் இரண்டு நாள் முட்டைக்கோஸ் பொரியல் சாப்பிடுகிறவர். ஆனால் என் வீட்டுச் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் மூக்கு முடிவு செய்துவிட்டது. அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த நாள் முழுக்கக் கறியைத்தான் சந்தேகப்பட்டேன். அறிவியல் டீச்சர், முப்பத்து மூன்று வருஷம்!

அந்த முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் டிபன் பாக்ஸில் அதைக் கொண்டுபோனதில்லை. யாரும் கூடாது என்று சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் முட்டைக் குழம்பைத் திறந்தபோது ஒரு மூத்த ஆசிரியை சிரித்துக்கொண்டே, "என்னம்மா, நேத்து ஞாயித்துக்கிழமை மிச்சமா?" என்று கேட்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஒரு சாண் இருக்கும். ஓய்வு பெறும்வரை எனக்குத் தயிர் சாதமும் எலுமிச்சைச் சாதமும்தான். எந்தப் பள்ளி, யார் என்று கேட்டு யாரும் உள்பெட்டிக்கு வர வேண்டாம். அவர் இல்லை இப்போது, எனக்கு நிறையச் சொல்லியும் கொடுத்தவர். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டு பிரஷர் குக்கர். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஊதுவத்தி ஏற்றினால் வாசனையும் போய்விடும். என் பிள்ளைகளுக்கு, "ஸ்கூல்ல கேட்டா சிக்கன்னு சொல்லு" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஸ்லோ குக்கரில் அந்தச் சௌகரியம் கிடையாது. எட்டு மணி நேரம் மெல்ல மெல்ல வாசனை வரும். தெருவுக்கே தெரியும். எதையும் மறைத்துச் சமைக்க முடியாத பாத்திரம்.

இப்போது போர்டு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியே வந்தபோது எங்கள் பக்கமெல்லாம் ஏரிப் பாசனமும் வேர்க்கடலையும்தான். அதன் பிறகு ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று கார், டயர், கண்ணாடி, போன் எல்லாம் வந்தது. இருந்த கொஞ்சம் இடத்தில் கடன் வாங்கி மாடியில் நாலு போர்ஷன் கட்டினோம். புரோக்கர் வந்து, "நல்ல ஃபேமிலியா வரணும்னா ஒரு போர்டு போட்டுடுங்க" என்றார். போட்டேன். "சைவம் மட்டும்" என்று போட மனசு வரவில்லை. பெயிண்டரிடம் எழுதச் சொன்னது இது: 'மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சமைக்க அனுமதி இல்லை.' கீழே என் கணவர் பெயரும் போன் நம்பரும். அந்தப் பலகைக்கு நேர் கீழே இருக்கிற சமையலறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு நான் சமைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எழுதியாக வேண்டும்.

முட்டைக்கோஸ் நாறிய அன்று சாயங்காலம், மூன்றாவது போர்ஷனில் இருக்கிற பெண் கதவைத் தட்டினாள். நாலு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள், போனுக்கு உள்ளே வைக்கிற எதையோ பொருத்துகிற வேலை. ஒருத்தி விழுப்புரம் பக்கம், ஒருத்தி தென்காசி, இரண்டு பேர் திருவண்ணாமலை மாவட்டம். முதலில் ஹாஸ்டலில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள். வந்தவள் விழுப்புரத்துக்காரி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சரம்மா, உங்க வீட்ல பெரிய கறியா?"

"ஆமாம்மா."

"எங்கம்மா வைக்கிற மாதிரி வாசனை வந்துச்சு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கிட்டு இருந்தேன். எழுந்து உக்காந்துட்டேன்." கொஞ்ச நேரம் நின்றாள். "அப்ப அந்த போர்டு யாருக்கு டீச்சரம்மா?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பதில் தெரியாமல் பெஞ்சுமேல் நின்றது ஞாபகம் வந்தது. ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். குழைந்துபோன முட்டைக்கோஸை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் நாலு பேரும் சாப்பிட்டதாகக் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது சொன்னாள். மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் தம்பியிடம் ஏணி வாங்கி போர்டைக் கழற்றினோம்.

அதற்கு ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது கதாகாலட்சேபம் ஆகிவிடும். மேல் போர்ஷன்காரர் மாதக் கடைசியில் காலி செய்தார். சண்டை இல்லை, அட்வான்ஸைக் கழிவில்லாமல் கொடுத்தேன், போகும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு வளர்ந்த விதம் அப்படி டீச்சர்" என்றார். நம்புகிறேன். குமட்டல் நடிப்பு இல்லை, சின்ன வயசிலிருந்து உடம்பு பழகியது. அந்த போர்ஷன் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது, மாதம் ஆறாயிரத்து ஐநூறு போச்சு. என் தம்பி போனில், "அக்கா, சாப்பிடறது சாப்பிடு. ஊரறியச் சொல்லிட்டுச் சாப்பிடணுமா? நம்ம பிள்ளைங்களுக்கு நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளை பாக்கணும்" என்றான். அவன் இதைப் படிப்பான். அவனுக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

தம்பி, ஊரறியச் சொல்லாமல் இருந்ததால்தான் அந்தப் பெண்ணுக்கு நான் போர்டு போட்டேன். மறைக்கிறவள் எப்போதும் ஒரு படி கூடுதலாகக் கண்டிப்பு காட்டுவாள், தன்மேல் சந்தேகம் வராமல் இருக்க. வகுப்பில் பிட் அடித்துப் பிழைத்தவன் மானிட்டர் ஆனால் எப்படி இருப்பான் என்று உனக்குத் தெரியும்.

இது என் வீட்டு விவகாரம் மட்டுமில்லை. ஆம்பூரில் 2022 மே மாதம் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்து, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. பிறகு மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். பிரியாணிக்குப் பேர்போன ஊரில், அங்கே தினமும் விற்கிற பண்டத்துக்கு மேடையில் இடமில்லை. சட்டமும் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டுக்குச் சான்று வாங்கித்தான் வெட்ட வேண்டும். பசுவை வெட்ட 1976-லிருந்தே தடை. நமக்குக் கிடைப்பது கிழட்டுக் காளையும் எருமையும். கவனியுங்கள், இதில் ஒரு சமையல் விஷயம் இருக்கிறது. உழைத்துக் கிழமான மாட்டின் தசையில் கொலாஜன் என்கிற நார்ப்புரதம் கெட்டிப்பட்டுக் கிடக்கும். வெளிநாட்டுக்காரர்கள் இளம் மாட்டை ஐந்து நிமிடம் வாட்டிச் சாப்பிடுகிற மாதிரி நம்மூர்க் கறியைச் சாப்பிட்டால் பல் கழன்றுவிடும். கொலாஜன் சுமார் 70 டிகிரிக்கு மேல், தண்ணீரோடு, மணிக்கணக்கில் இருந்தால்தான் ஜெலட்டினாக இளகும். ஆகவே மெதுவாக வேகிற சட்டி இந்த ஊர்க் கறிக்கென்றே செய்தது மாதிரி.

அந்தப் பெண்களைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொன்றும் தோன்றியது. ஏ ஷிப்ட் என்றால் ஐந்தரை மணி பஸ்ஸுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். சி ஷிப்ட் முடிந்து வந்தால் காலை ஏழு, அப்போது அடுப்புமுன் நிற்க யாருக்குத் தெம்பு? கம்பெனி கேன்டீன், ஹாஸ்டல் மெஸ், அல்லது ரோட்டோரம் ஃப்ரைட் ரைஸ். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனதும், தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்ததும், அதன் பிறகு ஆலை சில வாரம் மூடிக்கிடந்ததும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. சம்பளத்துக்காகக் கூட இல்லை, சோற்றுக்காக. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் நான் அறிந்த தனியார் ஹாஸ்டல்களில் அறையில் எதுவும் சமைக்கக் கூடாது. நெருப்புக்குப் பயம், நியாயம்தான். அறைக்குள் இண்டக்‌ஷன் வேண்டாம் சரி. ஒவ்வொரு மாடியிலும் ஒரு பொது மேடை, நாலு பிளக், பெயர் எழுதி ஒட்டிய நாலு ஸ்லோ குக்கர் வைத்தால் என்ன கெட்டுவிடும்? என் சட்டி 200 வாட். மிக்சி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு யூனிட்டுக்குள்தான். உலகத்துக்கெல்லாம் போன் செய்து அனுப்புகிற பெண் தனக்கு வேண்டிய குழம்பை, அவள் அம்மா வைக்கிற மாதிரி, தானே வைத்துச் சாப்பிடட்டுமே. அது கருவாட்டுக் குழம்பாக இருக்கலாம், கொண்டைக்கடலையாக இருக்கலாம். கறியாகவே இருக்க வேண்டும் என்று இல்லை.

இந்தச் சட்டியின் பிறப்பே அப்படித்தான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சட்டியை ரொட்டிக்கடை அடுப்பின் தணலில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்களாம். லித்துவேனியாவில் தன் குடும்பத்தில் அப்படிச் செய்ததை அம்மா சொல்லக் கேட்டு அவர் யோசித்தது. 1971-ல் கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்கள்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற டாக்டர் 1910-லேயே இக்மிக் குக்கர் என்று ஒன்று செய்தார். அடியில் கொஞ்சம் கரி, மேலே அடுக்கு, வைத்துவிட்டுப் போய்விடலாம். ஆயாகூட வரட்டித் தணலில் மண்சட்டிப் பாலைக் காலையில் வைத்துவிட்டுக் களை எடுக்கப் போவாள், மத்தியானம் வந்தால் பால் சிவந்து ஆடை கட்டி நிற்கும்.

சரி, கேட்டவர்களுக்குச் செய்முறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு, இரண்டு ஸ்பூன் வெல்லம், மிளகு, கடுகு, தனியா, கிராம்பு, பட்டை, பிரிஞ்சி இலை. (அயர்லாந்துக்காரன் மசாலா என்று பாக்கெட்டில் விற்பது முக்கால்வாசி நம் வீட்டுச் சாமான்தான்.) கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டு, ஒன்றரைக் கிலோ நெஞ்சுக்கறியை முழுத்துண்டாக அதில் மூழ்கவைத்து, மேலே ஒரு தட்டைக் கனமாக வைத்து, ஃபிரிட்ஜில் ஐந்து நாள். கண்ணாடியோ பீங்கானோ நல்லது, அலுமினியம் வேண்டாம். வெளியில் வைக்கவே கூடாது, நம்மூர் வெயிலுக்கு ஒரே நாளில் கெட்டுவிடும். கடைக் கறி ரோஜா நிறமாக இருக்கும், அது நைட்ரைட் உப்பின் வேலை. அளவு தப்பினால் விஷம். பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் வெடியுப்பு, நைட்ரைட் எதுவும் நான் போடுவதில்லை. கறி சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. உப்பும் அதிகம்தான், ஆகவே மாதம் ஒரு தடவை போதும். பி.பி. மாத்திரை போடுகிற அண்ணன்மார் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்து, அடியில் வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, மேலே கறி, மூழ்குகிற அளவு தண்ணீர். லோ-வில் எட்டு மணி நேரம். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள், ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும். முட்டைக்கோஸ் நாலாக வெட்டி, கடைசி ஒன்றரை மணி நேரத்தில். கடைசியில்! வெட்டும்போது நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். தொட்டுக்கொள்ள, கடுகை ஊறவைத்துப் பச்சைமிளகாயோடு அரைத்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டிக் கறியை அப்படியே போடக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி பெருகும், அந்த இடத்தைச் சீக்கிரம் தாண்ட வேண்டும். இதே காரணத்துக்காக, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் சட்டியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். நான் போய்விட்டேன் ஒரு தடவை, திரும்பி வந்தபோது கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரியவில்லை, அவ்வளவையும் குழி தோண்டிப் புதைத்தேன். மற்றது, ராஜ்மா. எங்கள் கடைசி போர்ஷனில் இப்போது ஜார்க்கண்ட் தம்பிகள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்: ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. அதில் ஒரு நச்சுப் புரதம் உண்டு, இந்தச் சூட்டுக்கு அது சாகாது. இரவெல்லாம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டுப் பிறகு போட வேண்டும். நான் அரை மணி நேரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், பையன்கள் பாதிதான் கேட்பார்கள் என்று தெரியும்.

காலியான போர்ஷனுக்கு இப்போது வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. சுத்த சைவம். அட்வான்ஸ் வாங்கும்போதே சொன்னேன்: "மாதத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல மாட்டுக்கறி வேகும்மா. பின்கட்டுலதான் வைப்பேன், உங்க ஜன்னல் பக்கம் வைக்க மாட்டேன். ஆனா வேகும்." அந்தம்மா புருஷன் முகத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று கேட்டார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை உப்பில் போட்ட இரண்டு கிலோ ஃபிரிட்ஜில் இருக்கிறது. மேல் போர்ஷன் பெண்களில் இரண்டு பேருக்கு இந்த வாரம் சி ஷிப்ட், அவர்கள் தூங்கி எழுந்து வருவார்கள். தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத் திருகைத் திருப்புவேன், முட்டைக்கோஸ் பன்னிரண்டுக்கு. வருகிற மாணவர்கள் ஒன்றரை மணிக்கு மேல் வாருங்கள். கறி சாப்பிடாதவர்களுக்கு வேறு சட்டியில் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் உண்டு. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மட்டும் வழக்கம்போல முன்னாடியே வந்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம்.